இடது தோள்

என் தங்கத்துக்கு,

சொல்வது அப்பா, எழுதுவது பக்கத்து வீட்டுத் தையல்காரி.

குழந்தைகள் காப்பகத்துக்கு அரசாங்கம் கொடுத்துவந்த பணம் நின்றுவிட்டது, காப்பகத்தை மூடுகிறார்கள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் வேலையை விடப்போகிறேன் என்று நீ போனில் அழுதாய். நான் "இங்கேயே வந்துடும்மா" என்றேன். வாய் முந்திக்கொண்டது. போனை வைத்த பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். உன் அம்மா போனதிலிருந்து, பேச்சுச் சத்தம் கேட்கட்டுமே என்று ரேடியோவை நான் அணைப்பதே இல்லை.

நீ வரவேண்டாம், வேலையையும் விடவேண்டாம். லிஃப்ட் பழுது பார்க்கக் கற்றுக்கொண்ட முதல் நாள், கை நிறையக் கிரீஸோடு வாசலில் நின்று சிரித்தாயே, அந்தச் சிரிப்பு எனக்கு மறக்காது.

உன் அம்மா ஆலைக்குப் போன காலத்தில் எந்தக் காப்பகம் இருந்தது? இராக்காவல் முடிந்து வந்து நான்தான் உன்னைத் தூக்கிக்கொள்வேன். இடது தோளில் போட்டால் தூங்குவாய். வலது தோளுக்கு மாற்றினால் தெருவையே கூட்டுவாய். பேரனுக்கு எந்தத் தோள் பிடிக்கும் என்று நேரில் வந்துதான் பார்க்க வேண்டும்.

"தனியா இருக்க முடியலன்னு நேராச் சொல்லுங்களேன் மாமா" என்கிறாள் தையல்காரி. "நீ எழுதுற வேலையை மட்டும் பாரு" என்றேன். அதையும் எழுதிவிட்டாள் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். எப்போதும் யாராவது இருந்ததால் நம் வீட்டுக்குப் பூட்டே வாங்கியதில்லை. இன்று ஒன்று வாங்கிவந்தேன்.

இதன் கீழே கைநாட்டு வைக்கும்,
உன் அப்பா