ஓட்டுநருக்குப் பாதிப்பில்லை

வியாழன், 12

விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை.

மைத்துனன் சேகர் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிவிட்டான். சிவப்பு, இரண்டே இருக்கை, அவனைவிட மூத்தது. ஞாயிறன்று பழைய கார்களின் கண்காட்சி. விற்றவர் ஒரு கட்டுப் பத்திரிகை நகல்களும் கொடுத்தாராம்: கார் புதிதாக வந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்கள். கட்டு இப்போது என் மேசையில்.

"மாமா, நீங்கதான் எழுதற ஆளு. நல்லதா நாலு வரி எடுத்து, கார் முன்னாடி வைக்கற போர்டுக்குக் குடுங்க."

நல்லவை: வேகம், நீண்ட முகப்பு, இன்ஜின் சத்தம். எதிர்பாராதவை: கதவுக்கு வெளிப்பக்கம் கைப்பிடி கிடையாது. மேல்துணியை மாட்டி முடிப்பதற்குள் மழை நின்றுவிடும் என்கிறார் ஒருவர். டிக்கியில் ஒரு தொப்பி வைக்கலாம், தட்டையாக இருந்தால், என்கிறார் இன்னொருவர். சிரித்தேன். என் தொழில்காரர்கள்.

பிறகு ஒரு வரி. வலப்பக்கம் வேகமாகத் திரும்பினால் இடது கதவு தானாகத் திறந்துகொள்ளும்; ஓட்டுநருக்குப் பாதிப்பில்லை.

ஞாயிறன்று இடது இருக்கையில் போகப்போவது வசந்தி. என் மனைவி.

வெள்ளி, 13

தூக்கமில்லை. கிண்டலா, தகவலா? இத்தனை வருடம் முகம் மாறாமல் நையாண்டி எழுதிப் பிழைத்தவன். வாசகர் பக்கம் உட்கார்ந்தது இப்போதுதான்.

மற்ற விமர்சனங்களில் தேடினேன். ஒன்றில்: உடன் வருபவர் கதவோரம் சாயாதிருத்தல் நலம்.

சாப்பிடும்போது சொன்னேன். வசந்திக்குச் சிரித்துப் புரையேறியது. "சிரிக்காம எப்டித்தான் சொல்றாரோ!" போனில் சேகர்: "இதையும் போர்டுல போடுங்க மாமா. செமயா இருக்கும்."

வாங்க வேண்டியவை: பால், உளுந்து, கயிறு.

சனி, 14

சிவாஜிநகர். மெக்கானிக் பாய் கதவைத் தட்டிப் பார்த்தார். "ஒண்ணும் ஆவாது சாப். ஸ்வல்ப டைட் பண்ணிருக்கேன்." ஸ்வல்பம் என்கிற கன்னடக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

திரும்பும்போது இடப்பக்கம் நான். அல்சூர் ஏரி முனையில் சேகர் வலப்பக்கம் ஒடித்தான். கதவு திறந்தது. சாலை ஓடுவது தெரிந்தது, மிக அருகில். எப்படியோ இழுத்துச் சாத்தினேன். அலறினேன் போலிருக்கிறது. சேகர் சாலையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை; பொறுப்பான ஓட்டுநர்.

"மாமா, என்னா ஆக்டிங்கு!"

வீட்டில் சொன்னேன். "ரோடு தெரிஞ்சுதா? அப்ப காலைத் தூக்கி வெச்சுக்கறேன்" என்றாள் வசந்தி. இன்று எழுத்து கோணல்.

ஞாயிறு, 15

வெயில். பட்டுப்புடவை, கறுப்புக் கண்ணாடி. வசந்தி ஏறி உட்கார்ந்துவிட்டாள். என் கையில் கயிறு.

"கதவைக் கட்டினா போட்டோல அசிங்கமா இருக்கும் மாமா."

வாயைத் திறந்தால் வழக்கமான நையாண்டி வாக்கியம்தான் வந்தது. ஒழுங்காக, நிதானமாக. வசந்தி சிரிக்கத் தயாரானாள். பாதியில் நிறுத்தினேன்.

"பயமா இருக்கு, வசந்தி."

குரல் கீச்சென்று வந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள். இறங்கினாள்.

"மூணு நாளா இதைச் சொல்லியிருக்கலாம்ல?"

"இதைத்தானே சொன்னேன்."

"எங்க சொன்னீங்க?"

சேகர் மட்டும் காரில். நாங்கள் பின்னால் ஆட்டோவில். ஏரி முனை தாண்டும் வரை அவள் என் கையை விடவில்லை. ஆட்டோவுக்குக் கதவே கிடையாது.