சாட்சி சொல்லாதவன்

தண்டலம்,
8.12.1991

அன்புள்ள அம்சவல்லி அக்காவுக்கு,

தம்பி ரகுபதி எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் சசிரேகாவும் சுகம்தானே? குழந்தைக்கு இருமல் நிற்காவிட்டால் மருந்துக்கடைக்காரனிடம் கேட்டுக்கொண்டிருக்காதே, டாக்டரிடம் கூட்டிப் போ.

உன் கடிதம் வந்தது. மூன்று கேள்வி கேட்டிருக்கிறாய். யாரும் எனக்குப் பணம் கொடுக்கவில்லை. பெண் யாரும் இல்லை. நான் ரெண்டு வார்த்தை பேசி முடிப்பதற்குள் எந்தப் பெண்ணுக்கும் தூக்கம் வந்துவிடும். பேரையும் மாற்றவில்லை. ஐ.டி.ஐ. சர்டிபிகேட்டிலிருந்து கம்பெனி கார்டு வரை ரகுபதிதான். அதையெல்லாம் மாற்ற எவன் அலைவது? பாஸ்டரும் கேட்கவில்லை.

ஞானஸ்நானம் வாங்கினால் வாலாஜாபாத் பக்கமே வராதே என்று அப்பா எழுதிவிட்டார். அம்மா அதில் ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. அதனால்தான் உனக்கு முழுசாக எழுதுகிறேன்.

லேத்தில் எனக்குப் பக்கத்து மெஷின் ராஜசேகர் அண்ணன். போன வருஷம் அவர்தான் சபைக்குக் கூட்டிப் போனார். தகரக் கொட்டகை. முதல் நாளே, புதுசா வந்தவங்க எழுந்து பேர் சொல்லுங்க என்றார்கள். சொன்னேன். கை தட்டினார்கள். எனக்குச் சட்டையெல்லாம் வேர்த்துவிட்டது. ஆனால் இயேசு கூட்டத்தை அனுப்பிவிட்டுத் தனியாக மலைமேல் போய் ஜெபம் பண்ணினார் என்று அன்றைக்கு வாசித்தார்கள். அந்த ஆளை எனக்குப் பிடித்துப்போயிற்று.

செருப்பு கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில், கடைசியில் உட்காருவேன். வாராவாரம் ஒவ்வொருத்தராக எழுந்து கர்த்தர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்வார்கள். சத்தமாக ஜெபிப்பார்கள். எனக்கு வாயே திறக்காது. இந்த வருஷம் ஜூலையில் ஒரு நாள் சபை மூப்பர், இந்தத் தம்பியைப் பிடித்திருப்பது ஊமை ஆவி என்று என் தலையில் கை வைத்து அழுத்த ஆரம்பித்தார். என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து அதன் ஒரு கால் உடைந்தது. ஆவியும் இல்லை ஒன்றும் இல்லை, கையை எடுங்க என்று கத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆவி பேசிடுச்சு, அல்லேலூயா என்று பின்னால் சத்தம் கேட்டது.

அதோடு சபையை விட்டேன்.

செப்டம்பரில் ராஜசேகர் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் போட்டிருந்தார்கள். சபையார் கும்பல் கும்பலாகப் போய்ப் பாடினார்கள், கை தட்டினார்கள். அன்புதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தலையைத் தூக்கவே தெம்பில்லை. அவர் சம்சாரம் அமலா அண்ணி கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டார்கள். உங்களத்தான் வரச் சொல்றாரு தம்பி, நீங்கதான் பேசமாட்டீங்களாம் என்றார்கள்.

பதினோரு நாள், ஷிஃப்ட் முடிந்து போய் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் அவரே, இன்னாப்பா, ஒரு ஜெபம் பண்ணேன் என்றார். கண்ணை மூடினேன். வழக்கம்போல வார்த்தை வரவில்லை. இந்த ஆளை விட்டுடு, சின்னப் பிள்ளைங்க இருக்கு என்று மனசுக்குள்ளே கேட்டேன். எவ்வளவு நேரமோ தெரியாது. கண்ணைத் திறப்பதற்கு முன்னால் அவர் ஆமென் என்றார்.

அக்கா, அவர் எதற்கு ஆமென் சொன்னார்? நான் ஒரு சத்தமும் போடவில்லையே. அடுத்த ஞாயிறு சபைக்குப் போனேன்.

இப்போது அண்ணன் வேலைக்கு வருகிறார். தப்பா நெனச்சுட்டேன் தம்பி என்று மூப்பர் வந்து சொன்னார். சாட்சி சொல்லச் சொன்னால் ஞானஸ்நானமே வேண்டாம் என்று பாஸ்டரிடம் நேராகவே சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். விசுவாசிக்கிறாயா என்று கேட்பேன், விசுவாசிக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல், போதும் என்றார். ஒரு வார்த்தை என்னால் முடியும்.

22ஆம் தேதி ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஏரியில். ஏழு பேர் இறங்குகிறோம். நனைந்து மேலே ஏறும்போது கரையில் துண்டோடு ஒவ்வொருத்தருக்கும் வீட்டு ஆள் ஒருவர் நிற்பது இங்கே வழக்கம். எனக்கு அமலா அண்ணி நிற்கிறேன் என்கிறார்கள். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை.

நீ பாட வேண்டாம், ஜெபிக்க வேண்டாம், பொட்டை அழிக்க வேண்டாம். எவனாவது அழிக்கச் சொன்னால் அவனை நான் பார்த்துக்கொள்கிறேன். சனிக்கிழமை ராத்திரி கிருஷ்ணகிரியில் மெட்ராஸ் பஸ் ஏறு. தண்டலத்தில் நிறுத்தமாட்டான், ஸ்ரீபெரும்புதூரில் இறங்கு. விடியற்காலம் ஐந்து மணியிலிருந்து பஸ் ஸ்டாண்டில் இருப்பேன். காத்திருக்கிற ஆள் இல்லை நான், உனக்குத் தெரியும். எட்டரை வரைக்கும் நிற்பேன்.

மாமாவைக் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு எழுதினால் நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று எழுது.

துண்டு வாங்கி வைத்துவிட்டேன். நீ கையை வீசிக்கொண்டு வந்தால் போதும்.

இப்படிக்கு,
உன் தம்பி
ரகுபதி