ஐந்தாவது ஓட்டு

டுலூத், மின்னசோட்டா
29 ஆகஸ்ட் 2022

அன்புள்ள ராய்ஸ்,

என் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் சாகவில்லை. நான் சௌக்கியம். எழுபத்தொன்று முடிந்தும், காலையில் ஏரியில் இறங்கி ஏறிய பிறகுதான் எனக்குக் காபி. போனில் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் நீ குறுக்கே பேசுவாய், நான் கத்துவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவோம். விவாகரத்துக்குப் பிறகு நாம் போனில் பேசிய மூன்று தடவையும் அப்படித்தான் முடிந்தது.

நம் ஆஸ்டர்பி கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கு நூறு வயதாகிறதே, அதற்காகப் பழைய மாணவர் சங்கத்துக் கர்ட்டிஸ் ஒரு பட்டியல் போடுகிறான். துறை எடுத்த சிறந்த முடிவுகள் பத்து, மோசமான முடிவுகள் பத்து. அக்டோபர் விருந்தில் மேடையேறிப் படிப்பானாம். எனக்கு ஒரு பிரதி அனுப்பினான். காட்டெருமைக் கன்றை மைதானத்துக்குக் கூட்டிவந்து, அது எதிரணிப் பயிற்சியாளரைத் துரத்தியது மோசத்தில் ஏழாவதாம். நானாக இருந்தால் சிறந்ததில் போட்டிருப்பேன். 1988இல் பழைய மாணவர் தினத்து ஆட்டத்தை ஊரே காட்டுக்குப் போகும் ஃபெசன்ட் பறவை வேட்டை தொடங்கும் சனிக்கிழமையில் வைத்த மேதை யார் என்று கர்ட்டிஸ் எழுதவில்லை. நாகரிகம் தெரிந்த பிள்ளை. சவுத் டகோட்டாவில் பிறந்து வளர்ந்து, அந்த நாளை எப்படி ராய்ஸ் மறந்தாய்? பாதிரியாரைத் தவிர ஒரு ஈ காக்கை கூட வரவில்லையே.

சிறந்ததில் நான்காவது நான். 1979இல் பெண்கள் நீச்சல் அணிக்கு கிளெண்டா என்ற பள்ளிக்கூட டீச்சரைப் பயிற்சியாளராக எடுத்தது. மோசத்தில் முதலிடம், 1998இல் அதே அணியை மூடியது. ஆக, துறை என்னைச் சேர்த்தது நல்லது, விட்டதுதான் கெட்டது என்கிறது பட்டியல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்தின் குறிப்பேட்டுப் பக்கத்தையும் கர்ட்டிஸ் நகல் எடுத்து அனுப்பியிருக்கிறான். பணமில்லை, மல்யுத்தமா நீச்சலா, ஒன்றை மூட வேண்டும் என்ற கூட்டம். 'நீச்சலை மூட மூன்று, மல்யுத்தத்தை மூட இரண்டு' என்று இருக்கிறது. மூன்றும் இரண்டும் ஐந்து. குழுவில் ஐந்து பேர்தான், ஆனால் இயக்குநரான நீ அந்த அறையிலேயே இல்லையே. மனைவியின் அணி பற்றிப் பேச்சு வந்தால் கணவன் எழுந்து வெளியே போக வேண்டும் என்பது விதி, நீயும் போய்விட்டாய். அப்புறம் அந்த ஐந்தாவது ஓட்டு யாருடையது? கோபமில்லை ராய்ஸ், தெரிந்துகொள்ளும் ஆசைதான்.

அன்புடன்,
கிளெண்டா


ஆஸ்டர்பி, சவுத் டகோட்டா
5 செப்டம்பர் 2022

அன்புள்ள கிளெண்டா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். நீ திட்டினால் கூட இவ்வளவு நன்றாக இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

வேட்டைச் சனிக்கிழமை என் தலையெழுத்து. அந்த வருஷம் எனக்குக் கையில் துப்பாக்கி பிடிக்க நேரமில்லை, ஊருக்கும் இருக்காது என்று நினைத்துவிட்டேன். இன்றைக்கும் முடிதிருத்தும் கடையில் நான் நுழைந்தால், "வாய்யா ராய்ஸ், இந்த வருஷம் மேட்ச கிறிஸ்துமஸ் அன்னிக்கு வச்சுக்கலாமா?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

குறிப்பேட்டைத் தட்டச்சு செய்தது மார்ஜ். அவள் கண்ணாடி போடாமல் அடிப்பாள் என்பது உனக்குத் தெரியாதா? எண்ணைத் தப்பாக அடித்திருப்பாள். அதைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே.

இடது முழங்காலை மாற்றிவிட்டார்கள், நன்றாக நடக்கிறேன். மழை இல்லை, சோளம் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. கிளெண்டா, விருந்து அக்டோபர் 21, வெள்ளிக்கிழமை. நீ வருவாயா? பின்பக்க அறை சும்மாதான் கிடக்கிறது. விடுதியில் தங்க வேண்டாம். இரண்டு கிழங்கள் ஒரே வீட்டில் இருந்தால் ஊர் என்ன சொல்லிவிடும்? என் பக்கத்து நாற்காலியை உனக்கென்று கர்ட்டிஸிடம் சொல்லி வைத்திருக்கிறேன். வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம்.

என்றும்,
ராய்ஸ்


டுலூத்
13 செப்டம்பர் 2022

அன்புள்ள ராய்ஸ்,

வரலாம் என்றுதான் நினைக்கிறேன். பின்பக்க அறையின் ஜன்னல் இன்னும் சாத்த முடியாமல் தொங்குகிறதா? அதைச் சரி செய். மற்றதை வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் மார்ஜ் மேல் பழி போடாதே. அதே பக்கத்தில் மற்ற நாலு தீர்மானங்களிலும் கணக்கு கச்சிதமாகச் சரியாக இருக்கிறது. யாரும் வெளியே போகாத தீர்மானங்களில் ஐந்து ஓட்டு. கருவூலர் தன் சம்பள விஷயத்தில் வெளியே போனபோது நாலு. பார்த்தாயா, கண்ணாடி இல்லாமலும் அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்திருக்கிறது.

இது எனக்கு ஏன் முக்கியம் என்று எழுதுகிறேன், அப்போதுதான் உனக்குப் புரியும். அன்று சாயங்காலம் நீ சமையலறை வாசலில் கோட்டைக் கூடக் கழற்றாமல் நின்றாய். "நான் வெளியதான் நின்னேன் கிளெண்டா. மூணுக்கு ஒண்ணு. என்னால ஒண்ணும் பண்ண முடியல," என்றாய். பதினேழு வருஷம் பக்கத்தில் படுத்தவன் என் பிழைப்பு போகும்போது வாயில் கொழுக்கட்டையோடு நின்றிருக்கிறான் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில்தான் ஜூன் மாதம் பெட்டியைக் கட்டினேன்.

மூன்றுக்கு ஒன்று என்றால், என் பக்கம் ஒரே ஒருவர். மறுநாளே லின்ட்க்விஸ்ட் வந்து, "நான் உனக்குத்தான் போட்டேம்மா," என்று சொல்லிவிட்டார். பேராசிரியர், பொய் சொல்லத் தெரியாதவர். அப்படியானால் மீதி மூன்று பேரும் எனக்கு எதிராக. அதில் ஒருத்தி நாடின். கூடைப்பந்து அணியின் பயிற்சியாளர். ஒரே வேனில் இரண்டு அணியையும் ஏற்றிக்கொண்டு பனியில் நானும் அவளும் மாறி மாறி ஓட்டிய ராத்திரிகள் உனக்குத் தெரியும். என் தோழி எனக்கு எதிராகக் கை தூக்கினாள் என்று நினைத்தேன். அவள் கூகன் கேக் சுட்டு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். நான் உள்ளே நின்றுகொண்டே திறக்கவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரியும், நீ சோபாவில் உட்கார்ந்திருந்தாய். 2013இல் அவள் இறந்தபோதும் நான் போகவில்லை.

இப்போது மூன்றுக்கு இரண்டு என்கிறது காகிதம். அப்படியென்றால் என் பக்கம் இன்னொருவர் இருந்திருக்கிறார். யார் அது? லின்ட்க்விஸ்ட் இன்னும் ரேபிட் சிட்டியில் இருக்கிறாராமே. அவருக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

அன்புடன்,
கிளெண்டா


ஆஸ்டர்பி
20 செப்டம்பர் 2022

அன்புள்ள கிளெண்டா,

ஜன்னலைச் சரி செய்துவிட்டேன். அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. மெத்தையும் புதிது, பழையதில் எலி குடித்தனம் நடத்தியது.

லின்ட்க்விஸ்டுக்கு எண்பத்தொன்பது வயது. பாவம், அவரை ஏன் தொந்தரவு செய்கிறாய்? யாருக்கு என்ன நினைவிருக்கும்? இருபத்து நாலு வருஷத்துப் பழைய சமாசாரம். நீச்சல் குளம் இருந்த இடத்தில் இப்போது ஓட்டப் பொறிகள் வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் நின்ற இடத்திலேயே ஓடுகிறார்கள். வந்தால் காட்டுகிறேன், சிரிப்பாய்.

உனக்கு இன்னும் பாலில்லாத காபிதானா? சொன்னால் வாங்கி வைக்கலாம்.

ராய்ஸ்


டுலூத்
27 செப்டம்பர் 2022

ராய்ஸ்,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய். நான் இரண்டு பக்கம் கேட்டதற்கு நீ மெத்தையைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

லின்ட்க்விஸ்டின் பதில் வந்துவிட்டது. கை நடுங்கினாலும் எழுத்து தெளிவு. ஒரே வரி. 'என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நாடினும் உனக்குத்தான் போட்டாள், மீதியை ராய்ஸிடம் கேள்.'

கேட்கிறேன்.

கிளெண்டா


ஆஸ்டர்பி
3 அக்டோபர் 2022

அன்புள்ள கிளெண்டா,

ஐந்தாவது ஓட்டு என்னுடையது.

நான் வெளியே போனது உண்மை. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்றேன். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் மல்யுத்தப் பையன்களின் அப்பாக்கள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். நான் இருப்பதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்துவிட்டே பேசினார்கள். "பொண்டாட்டி டீம இவன் மூடுவானா? சூரியன் மேற்கால உதிச்சாலும் நடக்காது," என்றான் ஒருவன். இன்னொருவன், "வெளிய நிக்கிறதெல்லாம் நாடகம்யா. உள்ள சொல்லி வச்சிருப்பான்," என்றான். இருபது நிமிஷம் அதைக் கேட்டேன்.

அப்புறம் கதவு திறந்தது. கருவூலர் தலையை நீட்டினார். "ராய்ஸ், ரெண்டுக்கு ரெண்டா நிக்குது. ராத்திரிக்குள்ள முடிவு வேணும். நீயே சொல்லிடு," என்றார். நான் பேசவே கூடாது, அதுதான் விதி. சமமென்றால் அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். லின்ட்க்விஸ்டும் அதைத்தான் உள்ளிருந்து கத்தினார். நான் "நீச்சல்" என்றேன். அந்த இரண்டு பேருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

இதையும் எழுதிவிடுகிறேன். கார் வரைக்கும் நடக்கும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. எவனும் என்னை இனி பெண்டாட்டிதாசன் என்று சொல்ல மாட்டான், நேர்மையான இயக்குநர் என்பார்கள் என்று நினைத்தேன். வீட்டு வாசலில் உன் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பெருமை போன இடம் தெரியவில்லை. வாயில் வந்த எண்ணைச் சொன்னேன். மூன்றுக்கு ஒன்று. அந்த எண்ணை வைத்து நீ நாடினைக் கணக்குப் போடுவாய் என்று அப்போது தோன்றவில்லை. நீ கணக்குப் போட்ட பிறகு தெரிந்தது. தெரிந்தும் சோபாவில் உட்கார்ந்திருந்தேன்.

நாடின் என்னிடம் வந்தாள். "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்றாள். ஒரு வாரம் கேட்டேன். அடுத்த வாரமும் இன்னொரு வாரம் அவகாசம் கேட்டேன். "புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல நான் வந்து சொன்னா அது கோள் மூட்டறதா ஆயிடும் ராய்ஸ். உன் வாயால சொல்லு," என்றாள். அதற்குள் நீ போய்விட்டாய். அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லை. இருந்தாலும் கேட்கிறேன். அறை தயாராக இருக்கிறது.

ராய்ஸ்


டுலூத்
10 அக்டோபர் 2022

ராய்ஸ்,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆயிற்று. முதலில் கிழித்துப் போடத்தான் தோன்றியது. பிறகு மடித்து வைத்தேன்.

நீச்சலை மூடியதற்கு உன்னை மன்னிக்க முடிகிறது, எனக்கே ஆச்சரியம். தொடர் நீச்சல் போட்டிக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது நல்ல பெண்ணை விலக்கி வேறொருத்தியை நானும் இறக்கியிருக்கிறேன், பார்வையாளர் மாடத்தில் அந்த நல்ல பெண்ணின் அம்மா முறைத்தாள் என்பதற்காகவே பிடிவாதமாக. நாலு பேர் பார்க்கும்போது வாய் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும். அன்று ராத்திரியே உள்ளதைச் சொல்லியிருந்தால் தட்டுகளை உடைத்திருப்பேன். ஒரு மாதம் உன்னோடு பேசியிருக்க மாட்டேன். ஆனால் போயிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். வாய் மூடி நின்றவனை விட்டுத்தான் நான் போனேன், தப்பாகப் பேசியவனை விட்டு அல்ல.

நாடின் விஷயம் அப்படியில்லை. அவள் பதினைந்து வருஷம் உன் ஊரில், நீ ரொட்டி வாங்கும் அதே கடையில் ரொட்டி வாங்கிக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு நாள் காலையிலும் உன்னிடம் ஒரு போன் இருந்தது, என் எண்ணும் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேண்டாம் என்று முடிவு செய்தாய். கர்ட்டிஸ் கேட்டான், மோசமான முடிவுகளின் முதலிடத்தில் ஏதாவது திருத்த வேண்டுமா என்று. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவன் துறையின் முடிவுகளைத்தான் எண்ணுகிறான். இது துறை எடுத்ததல்ல, நீ தனியாக எடுத்தது.

விருந்துக்கு வருகிறேன். நெடுஞ்சாலையோர விடுதியில் அறை எடுத்திருக்கிறேன். என் பெண்கள் பதினோரு பேர் வருகிறார்கள், எல்லோருக்கும் ஐம்பது தொடப் போகிறது. அவர்கள் மேசையில் உட்காருவேன். உன் பக்கத்து நாற்காலியை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. 2013இல் நாடினின் மகள் ஜோடி எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். 'அம்மா உங்களைப் பார்க்கணும்னு கேட்டுட்டே இருக்காங்க, ஒரு தடவை வர முடியுமா?' என்று. நான் பதில் கூடப் போடவில்லை. அடுத்த வாரம் நாடின் இறந்துவிட்டாள். இரண்டு நாளுக்கு முன்னால் ஜோடிக்குப் போன் செய்தேன். ஒன்பது வருஷம் கழித்துப் பேசுகிறவளிடம் அந்தப் பெண் கோபப்படவே இல்லை. "வாங்க, காபி போட்டு வைக்கிறேன்," என்றாள்.

விருந்து நடக்கும் வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் வீட்டுக்குப் போகிறேன். அவள் அம்மா கூப்பிட்டும் நான் ஏன் போகவில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும். உன் பெயரைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது ராய்ஸ். சொல்லத்தான் போகிறேன்.

கிளெண்டா