பல் கிளினிக்கில் எடுத்த ஓட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவின் கடைவாய்ப்பல் ஒன்றைத் தவிர எல்லாம் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். பல் கிளினிக்கில் பத்து வருஷமாக வரவேற்பில் உட்கார்ந்திருப்பவளின் புருஷன் ஊசிக்குப் பயந்து பல்வலியோடு அலைகிறார், இந்த மானக்கேட்டை யாரிடம் போய்ச் சொல்ல. போனில் பேசினால் நீ சரிம்மா சரிம்மா என்று பாதியிலேயே வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

பெயிண்ட் கம்பெனி வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன், இரண்டு பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்துவிட்டது, மாதக் கடைசிக்குள் ஒன்றைச் சொல்ல வேண்டும், நீங்கள் எதைச் சொன்னாலும் சரி என்று எழுதியிருந்தாய். பெரியதில் பேராசிரியர்களோடு ஆய்வகத்தில் வேலை செய்யலாம், பிஎச்டி வரை வழி உண்டு, ஆனால் இன்டர்ன்ஷிப்பை நீயேதான் தேடிக்கொள்ள வேண்டும். சின்னதில் ஒவ்வொரு லீவுக்கும் அவர்களே கம்பெனிக்கு அனுப்புவார்கள், படித்து முடித்த கையோடு வேலை, ஆனால் அங்கிருந்து மேற்படிப்புக்குப் போனவர்கள் குறைவு. நாலு பேரிடம் கேட்டால் தெளிந்துவிடும் என்று கிளினிக்குக்கு வருகிறவர்களிடம் ஓட்டுக் கேட்டு, அப்பாயின்ட்மென்ட் நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வைத்தேன். காத்திருப்பவர்கள் நன்றாகவே பதில் சொன்னார்கள், பயத்தில் அவர்களுக்கும் ஏதாவது பேச வேண்டியிருக்கிறது. வாயில் பஞ்சோடு வெளியே வருகிறவர்கள்தான் சிக்கல். மூன்று பேர் "ம்ம்" என்றார்கள், எதற்கு ம்ம் என்று தெரியாமல் ஒன்றரை ஒன்றரையாகப் பிரித்துப் போட்டேன். அப்பாவும் தன் பங்குக்கு டிரைவிங் ஸ்கூலில் தன்னிடம் வண்டி பழக வந்தவரிடம் கேட்டிருக்கிறார், அவர் யோசிக்கப் போய் வண்டி நடைபாதையில் ஏறிவிட்டது. அந்த ஓட்டைச் செல்லாததாக்கிவிட்டேன்.

பதினாலரைக்கு நாலரை என்று சின்னது ஜெயித்தது. பெருமையாக டாக்டரம்மாவிடம் காட்டினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "ஒரு வாரமா உள்ள இருந்து கேட்டுட்டுதான் இருக்கேன். சின்னதைச் சொல்றப்ப வீட்டுலேர்ந்து ஒரே பஸ்னு சேத்துச் சொல்றீங்க. பெரியதைச் சொல்றப்ப துக்கம் விசாரிக்கிற மாதிரி குரல் எறங்குது. அப்புறம் யாரு அதுக்கு ஓட்டுப் போடுவாங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான்டி. பெரியது இரண்டு நாள் ரயில் தூரம். பட்டப்படிப்பு, அதன் மேல் படிப்பு, அதற்கும் மேல் பிஎச்டி என்று வருஷங்களை விரல் விட்டு எண்ணினேன், ஒரு கை போதவில்லை. அந்தப் பயத்தை மறைக்க ஊராரை ஓட்டுப் போட வைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டே உன் கடிதத்தை எடுத்து நீட்டினார். "மறுபடி படி. இன்டர்ன்ஷிப்பைப் பத்தி நாலு வரி, ஆய்வகத்தைப் பத்தி மூணு பக்கம். அவளுக்கு எது வேணும்னு தெரியும். நாம கஷ்டப்படுவோம்னு வாயைத் திறந்து கேக்காம இருக்கா" என்றார். மூன்று தடவை படித்தவளுக்கு இது தெரியவில்லை பார்.

அதனால் பெரியதற்கே போ. ஆனால் அந்தப் பல்கலைக்கழக ஆபீசுக்குப் போன் போட்டு, போன வருஷம் எத்தனை பேருக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்தது, யார் உதவினார்கள் என்று கேட்டுக்கொள். இரண்டு வருஷம் கம்பெனியில் வேலை பார்த்தவளை எந்தக் கம்பெனியும் வேண்டாம் என்று சொல்லாது. லீவில் ஒன்று கிடைத்தால் வீட்டுக்கு வராதே, அதற்குப் போ. இதை மனசார எழுதுகிறேன், ஆனால் சந்தோஷமாக எழுதவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நோய் நொடி இல்லாமல் இரு, போகிற இடமெல்லாம் நல்ல மனுஷர்கள் உனக்கு அமையட்டும். படுக்கும் முன் பல் தேய். சேர்கிறேன் என்கிற பதிலை இந்தக் கடிதம் கிடைத்த அன்றைக்கே அனுப்பிவிடு. மறுநாள் என்னிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தாலும் வரும், அதைப் பிரிக்காதே.

உன் அன்பு
அம்மா