தர்மப் பிரபுவின் தள்ளுபடி

ஜனவரி 12

என்னங்க,

நானும் நலம், உங்கள் மகளும் நலம், பேத்தியும் நலம். போனில் நாம் பேசுவதெல்லாம் "சாப்டீங்களா", "சாப்டேன்" என்பதோடு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் மகளும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும்போது கடை விஷயத்தை எப்படிப் பேசுவது? அதனால்தான் எழுதுகிறேன். நீங்களும் எழுதுங்கள். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருந்தாலும் நான் படித்துக்கொள்வேன்.

நீங்கள் தனியாக விலை சொல்லப் போகிறீர்கள் என்று நினைத்தால் எனக்கு இங்கே தூக்கம் வரவில்லை. பேத்தி அழுவதால் நான் தூங்கவில்லை என்று மகள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை வருஷமும் நீங்கள் கர்ட்டன் தைத்தீர்கள், நான் விற்றேன். இப்போது இரண்டும் உங்கள் தலையில். சொன்னதையே சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். ஜன்னலின் அகலத்தை அளக்காதீர்கள், மேலே இருக்கும் கம்பியின் நீளத்தை அளங்கள். அதைப் போல இரண்டரை மடங்கு துணி. பெரிய பூப்போட்ட துணி என்றால் இரண்டு பக்கமும் பூவோடு பூ சேர்வதற்குக் கொஞ்சம் வீணாகும், அதையும் விலையில் சேருங்கள். லைனிங் தனி, தையல் தனி, மாட்டிக்கொடுப்பது தனி. மொத்தத்தைச் சொன்னதும் வாயை மூடிக்கொள்ளுங்கள். அடுத்த வார்த்தை அவர்கள் வாயிலிருந்து வரட்டும். நீங்கள்தான் அவர்கள் முகத்தைப் பார்த்ததுமே "சரி விடுங்க, கொறச்சுக்கலாம்" என்று ஆரம்பித்துவிடுவீர்களே. தெருவில் உங்களைத் தர்மப் பிரபு என்கிறார்கள். நமக்குக் கடனுக்குத் துணி போடுகிறவர் அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

முதுகுவலி மாத்திரை மேஜை டிராயரில் இருக்கிறது. தேடாமல் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை

ஜனவரி 27

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

பேத்தியின் போட்டோ கிடைத்தது. மூக்கு அப்படியே உன்னுடையது. கோபம் வந்தால் விடைக்கிறதா என்று பார்த்து எழுது.

நீ திட்டுவதற்கு வசதியாக நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன். ஒரு பஸ் டிரைவர் வந்தார். ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். படுக்கையறையில் பொட்டு வெளிச்சம் வரக்கூடாது என்றார். வீட்டுக்குப் போய் அளந்தேன். கம்பியைத்தான் அளந்தேன், பயப்படாதே. அவர் மனைவி நம்மிடம் இருப்பதிலேயே பெரிய பூவாகப் பார்த்து எடுத்தார். "தூங்குறப்ப அவருக்குத் தோட்டத்துல படுத்திருக்கிற மாதிரி இருக்கட்டுங்க" என்றார். இப்படிப் பேசுகிறவரிடம் வீணாகும் துணிக்குக் காசு கேட்க வாய் வரவில்லை என்று நான் எழுதினால் நீ நம்பிவிடுவாய். உண்மை என்னவென்றால் பூவோடு பூ சேர்ப்பதையே அடியோடு மறந்துவிட்டேன். தைத்துக் கொண்டுபோய் மாட்டினால் நடுவில் பூ பாதி மேலே நிற்கிறது, பாதி கீழே நிற்கிறது. டிரைவர் வந்து பார்த்தார். "பரவால்லைங்க, நான் கண்ண மூடிட்டுத்தான இருக்கப்போறேன்" என்றார்.

அப்படிச் சொல்கிற மனுஷனை ஏமாற்ற முடியுமா? நம் காசில் துணி எடுத்து மறுபடி தைத்துப் போட்டேன். அந்த வீட்டில் ஒரு கிழட்டுப் பூனை இருக்கிறது. ஒரு காது கேட்காது, ஆனால் சாப்பாட்டுத் தட்டு சத்தம் மட்டும் கேட்கும். கழித்த துணியில் அதற்கு ஒரு மெத்தை தைத்துக் கொடுத்தேன். டிரைவரின் மனைவி பூனைக்கு என்னைப் பெரியப்பா என்று அறிமுகம் செய்துவைத்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் பத்து சதவீதம் குறைக்கச் சொன்னார், பதினைந்து குறைத்தேன். ஊர்ப் பல்லையெல்லாம் பிடுங்குகிறவர் பேரம் பேசத் தெரியாமல் எச்சில் விழுங்கிக்கொண்டு நின்றார், பார்க்கப் பாவமாக இருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பாய். அளந்துதான் போட்டேன்.

இப்படிக்கு,
தர்மப் பிரபு

பிப்ரவரி 9

என்னங்க,

உங்களை என்ன செய்தால் தகும்? கழுதை வயசாகியும் பதினைந்துக்கும் பத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பூனைக்குப் பெரியப்பா ஆன கதையை மகளுக்குப் படித்துக்காட்டினேன். நாங்கள் சிரித்த சிரிப்பில் பேத்தி எழுந்துவிட்டாள். மூக்கு விடைக்கிறது, ஆமாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மகள் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பப் போகிறாள். "இவ ஸ்கூல் போற வரைக்கும் இங்கயே இரும்மா" என்கிறாள். அதாவது நான்கு வருஷம். உங்களையும்தான் கூப்பிடுகிறாள். மெஷினை விட்டு ஒரு வாரம் இருந்தால் கை பரபரக்கிற ஆள், கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து சோபாவில் எத்தனை நாள் உட்காருவீர்கள்? அதனால் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

மகளுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தக் குழந்தையைத் தூக்கினால் கீழே வைக்க மனசு வரவில்லை. உங்களை நினைத்தால் இப்போதே கிளம்பிவிடலாம் போல இருக்கிறது. இரண்டும் நிஜம். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அதன்படி செய்கிறேன். ஒரு தடவையாவது உங்கள் பேச்சைக் கேட்டேன் என்று இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கணக்குப்பிள்ளை

பிப்ரவரி 24

அன்புள்ள உனக்கு,

யோசித்துப் பார்த்தேன். நீ அங்கேயே இரு. மகளுக்கு இப்போது உதவாமல் எப்போது உதவுவது?

என்னைப் பற்றிக் கவலைப்படாதே. வியாபாரம் நன்றாகப் போகிறது. நீ சொன்ன மாதிரியே விலை சொல்கிறேன், சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறேன். இந்த மாதம் யாருக்கும் தள்ளுபடி கிடையாது. ஒரு வக்கீல் வீடு, ஆறு ஜன்னல், லைனிங்கோடு. குறைத்துக் கேட்டார். இதுதான் விலை என்றேன். கொடுத்துவிட்டார். டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர், இரண்டு ஜன்னல். அவரும் கேட்டதைக் கொடுத்துவிட்டார். துணி பாக்கி எதுவும் இல்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
உன் கணவன்

மார்ச் 6

என்னங்க,

உங்கள் கடிதத்தை மகளுக்குப் படித்துக்காட்டினேன். "அப்பா தேறிட்டாரேம்மா" என்று சிரித்தாள். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களோடு நான் போட்ட சண்டையெல்லாம் இந்தத் தள்ளுபடிக்காகத்தான். அது நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோயிருக்க வேண்டும். ஆனால் அந்த வக்கீலுக்குப் பிள்ளைகள் உண்டா? ஆறு ஜன்னல் வைத்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? டியூஷன் டீச்சர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது? ஒரு வார்த்தை இல்லையே. அளவெடுக்கப் போனால் அந்த வீட்டுச் சரித்திரத்தையே அள்ளிக்கொண்டு வருகிற ஆளல்லவா நீங்கள். நீங்கள் இளிச்சவாயராக இருப்பதால்தான் குறைக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சிரித்துப் பேசுகிற சந்தோஷத்தில் குறைத்திருக்கிறீர்கள். வீட்டுக்கு வந்து அதையெல்லாம் எனக்குச் சொல்லலாம் என்ற சந்தோஷமும் அதில் இருந்திருக்கிறது. இப்போது விலையைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கிறேன் என்கிறீர்கள். யாரோடும் பேசப் பிடிக்காமல்தானே?

நீ அங்கேயே இரு என்று எழுதினீர்களே, இதுவரை நீங்கள் கொடுத்ததிலேயே பெரிய தள்ளுபடி அதுதான். அதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

உங்கள் பேச்சைக் கேட்கிறேன் என்றுதான் சொல்லியிருந்தேன். கேட்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். மகளிடம் நேற்றே சொல்லிவிட்டேன். முதலில் கோபப்பட்டாள், அப்புறம் அழுதாள். "அப்பாவுக்கு என்னம்மா, நல்லாத்தான இருக்காரு?" என்றாள். "அவரு நல்லா இல்லடி. எனக்குத் தெரியும்" என்றேன். மாப்பிள்ளைதான் வழி சொன்னார். அவர் வேலை நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொள்கிறார், இடையில் கொஞ்ச நேரம் குழந்தை காப்பகத்தில் இருக்கும். மகள் இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பேசுவாள், என் வயிற்றில் பிறந்தவள்தானே. பேத்தியை விட்டுவிட்டு வருகிறேன். ரயிலில் வழியெல்லாம் அழுவேன். வந்து இறங்கியதும் உங்கள்மேல் எரிந்து விழுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். வியாபார நேரம், கடையை விட்டு எப்படி வருவது என்று யோசிக்காதீர்கள். பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்கு வாருங்கள். அன்றைக்குக் கர்ட்டன் வேண்டும் என்று யாராவது வந்தால் எதிர்க்கடையில் வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி