வாசிக்கப்படாத பெயர்

25 பிப்ரவரி 1956, சனி

ஆணி ஏறிய கரத்தால் அடியேங்களை அணைக்கும் ஐயனே, உண்மையன்றி வேறொன்றும் இத்தாளில் இறங்காதபடி என் எழுதுகோலைக் காத்தருளும்.

நாளை திருவிருந்து. அப்பம் பெறப் பேர் கொடுத்தவர்களின் பட்டியலை மாலை ஜெபத்தில் வாசித்தேன். இப்பொன்னேரிச் சபையின் உபதேசியாராக இருபத்தெட்டு ஆண்டுகள் செய்துவரும் பணிதான். ஆயினும் என் மனைவி ஞானம்மாவின் பெயரை அடுத்து, தளை தட்டிய வெண்பாவைப் போல, குரல் இடறுகிறது. அவ்விடத்தில் எங்கள் ஒரே மகள் சாராளின் பெயர் இருந்தது.

ஏழு ஆண்டுகளுக்கு முன், சபையைச் சேராத உப்பளத் தொழிலாளி ஆதிகேசவனை அவள் மணந்தாள். அவளைத் திருவிருந்திலிருந்து விலக்கும் அறிவிப்பைப் பிறர் வாசிக்க விடாமல் நானே வாசித்தேன். பெற்றவனே பிள்ளையைப் பலிபீடத்தில் வைத்தான் என்று சபை வியந்தது. நானும் வியந்துகொண்டேன்.

4 மார்ச், ஞாயிறு

ரயிலடியில் கடை வைத்திருக்கும் அப்துல் கனி வழிமறித்தார். “உபதேசியாரே, மீஞ்சூர் சந்தையில உங்க பொண்ணப் பாத்தேன். கைல நாலு வயசுல ஒரு பொண்ணு. மூக்கு அப்டியே உங்க மூக்குதான், பாவம்!”

வீடு சேரும்வரை மூக்கைத் தடவிக்கொண்டே நடந்தேன். எனக்குப் பேத்தி இருக்கிறாள். பெயர் என்ன? கேளாமலே வந்துவிட்டேன்.

11 மார்ச், ஞாயிறு

பெரிய வெள்ளியன்று பலியையும் மீட்பையும் பற்றிப் பிரசங்கிக்குமாறு சபைக் குருவான ஐயர் பணித்தார். “உம்மைவிடத் தகுதியானவர் யார்?” என்றார். சாராளைப் பற்றியும் கேட்டேன். சபையார் முன் முழங்காற்படியிட்டு, இம்மணம் பாவமென்று அவள் அறிக்கையிட்டால் அன்றே சேர்த்துக்கொள்ளலாமாம். ஈராண்டுக்கு முன் இதையே சொல்லியனுப்பினோம். “பொய் சொல்லி அப்பம் வாங்க மாட்டேன்” என்று பதில் வந்தது.

17 மார்ச், சனி

பிரசங்கத்தை ஞானம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முறத்தில் அரிசி புடைத்தவாறே கேட்டாள். ‘அடியேனும் என் மகளை ஆண்டவருக்கென்று ஈந்தேன்’ என்ற இடத்தில் முறம் நின்றது.

“நீங்க இன்னாத்த குடுத்தீங்க?”

நான் தாளைப் புரட்டினேன்.

“உங்க மரியாத போச்சா? பந்தியில மொத ஆளா நிக்கறது போச்சா? போனது அவ. நீங்க பேரு வாங்கிக்கினீங்க.”

“பிதா தம் குமாரனையே தந்தாரே, ஞானம்மா?”

“குமாரன் மனசாரப் போனாரு. நம்ம பொண்ணு அழுதுகினே போனா.”

மீண்டும் புடைக்கத் தொடங்கினாள். முப்பத்தாறு ஆண்டுகளாய் வேதம் ஓதுகிறேனே, இதை எங்கே தவறவிட்டேன்? இன்னா சொல்லுவேன் அவளுக்கு? இன்னா சொல்லுவேன்?

18 மார்ச்

பிரசங்கத் தாள்களைக் கிழித்துவிட்டேன்.

24 மார்ச், சனி

சாராள் சிறுமியாயிருந்தபோது, நான் ஜெபம் நடத்தும் குரல் கேட்டதும் கோயில் வாசலிலிருந்தே “நைனா” என்று கூவிக்கொண்டு ஓடிவருவாள். நடுவில் நிறுத்தாதே என்று கடிந்திருக்கிறேன். இன்று எவரேனும் நடுவில் நிறுத்தமாட்டார்களா என்றிருக்கிறது.

29 மார்ச், பெரிய வியாழன்

விலக்கப்பட்டோர் அமரும் பாய் எங்கள் கோயிலின் கதவோரம், செருப்புகளுக்கு அருகில் கிடக்கும். பட்டியலில் என் பெயரை வாசிக்காமல், அந்தப் பாயில் போய் உட்கார்ந்தேன். சபை மூப்பர் தேசப்பன் குனிந்து காதருகே கேட்டார்: “இன்னா உபதேசியாரே, சாராயம் கீராயம் போட்டீங்களா? எழுந்து வாங்க, எல்லாரும் பாக்கறாங்க.”

“சாராள் பந்தியில் அமரும்வரை இதுதான் என் இடம்.”

“ஐயரு வேலைய விட்டே தூக்கிடுவாரு!”

“தூக்கட்டும்.”

அப்பத் தட்டு கடைசி வரிசை வரை வந்து திரும்பிற்று. கை நீட்டியிருந்தால் தொட்டிருக்கலாம். ஏழாண்டுகள் என் மகள் எவ்வளவு தூரத்தில் இருந்தாள் என்பதை முதன்முதலாய் அளந்தேன்.

30 மார்ச், பெரிய வெள்ளி

என்னைப் பிரசங்கிக்க விடவில்லை. சொல்ல எண்ணியிருந்தது ஒன்றே: பிறரை வைப்பது பலியன்று, பிறருடைய இடத்தில் போய் நிற்பதே பலி. ஆண்டவர் நம் இடத்தில் நின்றார். அதனாலேயே மீண்டோம்.

3 ஏப்ரல், செவ்வாய்

ஐயர் இன்னும் எம்முடிவும் சொல்லவில்லை. சாராளைத் தேடிக் காலை ரயிலில் அத்திப்பட்டு போனேன். உப்பளத்தை ஒட்டிய குடிசை. வாசலில் சாராள், கையில் துடைப்பம். வெயிலில் கறுத்திருந்தாள்.

“யாரு, உபதேசியாரா? ஊடு மாறி வந்துட்டீங்களா?”

“அந்த அறிவிப்பை நானே வாசித்தேன், அம்மா. அது பலியன்று. உன்மேல் நான் செய்த குற்றம். மன்னித்துக்கொள்.”

நெடுநேரம் பெருக்கிய இடத்தையே பெருக்கினாள். உள்ளிருந்து ஆதிகேசவன், “வெயில்ல நிக்கவெச்சிக்கினே பேசுவியா? உள்ள கூப்பிடு, சாரா. வாங்க மாமா” என்று சொம்பில் நீர் கொண்டுவந்து தந்தார்.

கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். என்னை ‘நைனா’ என்று அழைக்கவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. கண் மங்க, நான் தட்டில் கை வைத்துவிட்டேன்.

“ஜெபம் பண்ணாம துன்றாரும்மா இவரு!” என்றாள் பேத்தி. பெயர் மேரியாம். மூக்கு என்னுடையதேதான்.

“நீ சொல்லு,” என்றாள் சாராள்.

சிறுமி கண்ணை இறுக மூடி, பழகிய பாட்டைப் போல ஒப்பித்தாள்: “குடுத்த சோத்துக்கு ஸ்தோத்திரம் சாமி. அப்பா கால்ல உப்புப் புண்ணு ஆறணும். பொன்னேரி ஆயாவயும் பொன்னேரி தாத்தாவயும் நல்லா வெச்சிக்கோ சாமி. ஆமென்.”

அந்தத் தாத்தா நான்தான் என்று அவளுக்குத் தெரியாது. சாராள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கேளாமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

என் பெயரை நாள்தோறும் வாசித்த அவ்வீட்டின் அடுப்பு அணையாதிருப்பதாக. என்றேனும் இத்தாளைக் காண்போரே, உங்கள் வீட்டாரில் ஒருவர் பெயரும் விடுபடாமல் ஆண்டவர் தம் உள்ளங்கையில் எழுதிக்கொள்வாராக. ஆமென்.