மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது

கோச்சடை, மதுரை
புதன்கிழமை

அன்புள்ள வித்யாவுக்கு, அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. மும்பை மழையில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். இங்கு எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை ஓடவில்லை. போனில் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்தைவிட்டு நகர்வதில்லை. விஷயம் இதுதான். உன் அக்கா மீனாவின் வீட்டுக்காரர் சாய்குமார், பங்குச்சந்தையில் விலை ஏறுமா இறங்குமா என்று பணம் கட்டுகிற ஆப்ஷன் வியாபாரம் நல்ல லாபம் என்று சொல்லி, தை மாதம் அப்பா பெயரில் கணக்குத் தொடங்கினார். கணக்குத் தொடங்கும் கம்பெனியிலிருந்து போன் வீடியோவில் ஒரு பெண் வந்து, போட்ட பணம் முழுதும் போகலாம், புரிகிறதா என்று தமிழில் தெளிவாகத்தான் கேட்டாள். அப்பா முழித்தார். பக்கத்திலிருந்த மாப்பிள்ளை நம் பாஷையில் மெதுவாக, ஆமாம் என்று சொல்லுங்கள் என்றார். அவளுக்கு சௌராஷ்டிரம் எங்கே தெரியும்! மாப்பிள்ளை முன்னால் சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிற மனுஷர் வேறென்ன சொல்வார், ஆமாம் என்றார். ரிட்டயர்மெண்ட் பணத்தில் பாதி போய்விட்டது. கேட்டால், மாப்பிள்ளை சொல்லும்போது இல்லைன்னு எப்படிடி சொல்றது, அம்புட்டும் நம்ம பொண்ணுக்குத்தானே என்கிறார்.

இப்போது மாப்பிள்ளை போனதை மீட்கப்போகிறாராம். திருப்பரங்குன்றத்து மனையை விற்ற பணம் என் பெயரில் இருக்கிறதல்லவா, அதைப் போட என் பெயரிலும் கணக்குத் தொடங்க வெள்ளிக்கிழமை போனோடு வருகிறார். மீனா அழுதுகொண்டே கூப்பிட்டு, ஒரு தடவை தலையாட்டிரும்மா, இல்லைன்னா இவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன் என்றாள். நீ சந்தைக்கு விதி எழுதும் ஆபீசில் இருப்பவள். கெடுபிடி கூடினால் முதலீடெல்லாம் சிங்கப்பூர், துபாய் என்று போய்விடும், அதனால் கணக்குத் தொடங்கும் வேலையைச் சுருக்கப்போகிறோம் என்று போன தடவை சொன்னாய். சுருக்குங்கள். நாலு கடை இருக்கிற தெருவில் நம் கடைக் கதவை மட்டும் பாதி சாத்திவைத்தால் யார் வருவார்கள், அது எனக்கும் தெரியும். புரிகிறதா என்கிற அந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது கேளுங்கள். காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை, அதற்காக எந்தப் பணமும் கப்பலேறிவிடாது.

இது உன் கைக்கு வரும்போது வெள்ளி தாண்டியிருக்கும். மாப்பிள்ளைக்குக் காபி கொடுத்து, பக்கத்திலேயே உட்காரவைத்து, நன்றாகப் புரிகிறது, அதனால்தான் வேண்டாம் என்று வீடியோவில் வரும் பெண்ணிடம் தமிழில் சத்தமாகச் சொல்லப்போகிறேன். அதற்குப் பிறகு மீனா இந்த வாசலை மிதிப்பாளோ மாட்டாளோ, நினைத்தாலே பயமாக இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாக இரு. மீனாவுக்கு மறக்காமல் போன் செய். அவர் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துச் செய்.

உன் அம்மா,
சூடாமணி